பேருக்காகப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள்

பிளஸ் டூ முடிவு வெளியாகும் மே மாதத்தில் தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பேச்சு காதில் விழும். "பணத்தைப் பார்க்காதீங்க, பிள்ளை எதிர்காலத்தைப் பாருங்க. கடனை உடனை வாங்கியாவது பெரிய காலேஜ்ல சேர்த்துடுங்க. வேலை கிடைச்சா ரெண்டே வருஷத்துல அவனே அடைச்சிடுவான்." மாமா சொல்வார், பள்ளிக்கூட ஆசிரியர் சொல்வார், கல்லூரிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டும் ஏறக்குறைய இதே சொற்களில் சொல்வார். முதல் இருவரும் நல்லெண்ணத்தில் சொல்வதால் பேச்சுக்கு வலு கூடிவிடுகிறது. விளம்பரம் என்றால் சந்தேகப்படுவோம். சொந்தக்காரர் சொன்னால் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குக் கிளம்பிவிடுகிறோம்.

இந்தப் பேச்சு தவறு. பிள்ளையின் எதிர்காலத்தைப் பார்க்கச் சொல்லிக்கொண்டே அந்த எதிர்காலத்தைத்தான் இது அடகு வைக்கிறது. நம் ஊரில் இந்தக் கேள்வி அதிகம் எழுவது பொறியியல் படிப்பில் என்பதால் அதை வைத்தே பேசுகிறேன்.

அதிகக் கட்டணம் வாங்கும் கல்லூரிதான் பெயர் பெற்ற கல்லூரி என்று நாம் எப்படி நம்பத் தொடங்கினோம்? அமெரிக்காவைப் பற்றிச் சொன்னால் அதில் ஓரளவு நியாயம் இருக்கும். அங்கே ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் தனியார் பல்கலைக்கழகங்கள், அறிவிக்கப்பட்ட கட்டணமும் மலைக்க வைப்பது. நம் நாட்டில் கதை நேர்மாறு. கிண்டி பொறியியல் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. இன்றும் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் முதல் வரிசை மாணவர்கள் போய் நிற்பது அங்கேதான். கோவை ஜிசிடி 1945-லும், குரோம்பேட்டை எம்ஐடி 1949-லும், காரைக்குடி அழகப்பச் செட்டியார் கல்லூரி 1952-லும் தொடங்கியவை. சேலம், திருநெல்வேலி, வேலூர், பர்கூர் என்று அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. கோவை பிஎஸ்ஜி, சிஐடி, மதுரை தியாகராசர் கல்லூரிகளில் அரசு உதவி பெறும் பிரிவுகள் இருக்கின்றன. இவற்றின் கட்டணம், பெரிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று வாங்கும் தொகையில் ஒரு சிறு பங்கு. ஐஐடியில்கூட ஆண்டுக் கல்விக் கட்டணம் 2 லட்சம் ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குள் என்றால் அதுவும் இல்லை. 5 லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முழு விலக்கு.

அதாவது, நம் நாட்டில் உண்மையிலேயே பெயர் பெற்ற படிப்பு மதிப்பெண்ணுக்குக் கிடைக்கிறது, குறைந்த செலவில் கிடைக்கிறது. ஆண்டுக்கு 3 லட்சம், 4 லட்சம் கேட்கும் இடத்தில் விற்கப்படுவது வேறு சரக்கு: கண்ணாடிக் கட்டடம், ஏசி விடுதி, நெடுஞ்சாலை விளம்பரப் பலகை, பின்னர் அந்தப் பலகையே உருவாக்கிய பெயர். "பணமா, பெருமையா" என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு அவசியமே இல்லாத இடத்தில் நம்மைப் பிய்த்துக்கொள்ள வைத்திருக்கிறார்கள்.

கணக்குக்கு வருவோம். ஆண்டுக் கட்டணம் 3 லட்சம் என்று குறைத்தே வைத்துக்கொள்கிறேன். விடுதியும் சாப்பாடும் தனி. நான்கு ஆண்டுக்கு 12 லட்சம். ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் வங்கி 3 லட்சம் தருகிறது, வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்பார்கள், ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தவணை தொடங்கும் நாளில், தனிவட்டியாகவே கணக்கிட்டாலும் 4 லட்சத்து 20 ஆயிரம் சேர்ந்து, கடன் 16 லட்சத்து 20 ஆயிரமாக நிற்கும். பத்து ஆண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 21,400 ரூபாய். மொத்தம் கட்டுவது 25 லட்சத்தைத் தாண்டும்.

இனி வரவைப் பாருங்கள். பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்கள் கூட்டமாக ஆள் எடுக்கும்போது புதியவர்களுக்குத் தரும் தொடக்கச் சம்பளம், பத்தாண்டுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 25,000 ரூபாய் அளவில். சென்னையிலோ பெங்களூரிலோ தங்க வேண்டும், சாப்பிட வேண்டும், பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் கொடுக்க வேண்டும். 21,400 ரூபாயை எதிலிருந்து எடுப்பான் அந்தப் பையன்? இரண்டே வருடத்தில் அடைப்பான் என்று சொன்ன மாமா இந்தக் கணக்கை ஒருமுறைகூடத் தாளில் போட்டுப் பார்த்ததில்லை.

அதே மாணவர் கலந்தாய்வு வழியாக ஒரு நல்ல சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்தில் சேர்ந்தால்? 2017-ல் கட்டணக் குழு நிர்ணயித்தபடி அங்கீகாரம் பெற்ற பாடப் பிரிவுக்கு ஆண்டுக்கு 55,000 ரூபாய். நான்கு ஆண்டுக்கு 2 லட்சத்து 20 ஆயிரம். முழுவதையும் கடனாக வாங்கினாலும் அதே கணக்கில் மாதத் தவணை 4,000-க்குள் அடங்கும். பொதுவான கல்விக்கடன் விதிப்படி 4 லட்சம் வரை சொத்துப் பிணையம் கேட்கக் கூடாது. ஏழரை லட்சத்தைத் தாண்டும்போதுதான் வீடோ நிலமோ வங்கிக்குப் போகிறது. கலந்தாய்வு வழியே கிடைக்கும் அரசு ஒதுக்கீட்டு இடங்களில் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவர் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்பவர் இந்த இரண்டையும் அந்தக் கணமே இழக்கிறார். எத்தனையோ ஏழைப் பெற்றோருக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதே இல்லை. இதை நினைக்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. இலவசமாகக் கிடைக்க வேண்டிய படிப்பை விலை கொடுத்து வாங்க வைக்கிறோம்.

"கேம்பஸ் இன்டர்வியூ அங்கதானே நல்லா நடக்குது" என்பது அடுத்த பதில். ஆண்டுக்கு 40 லட்சம் வாங்கிய மாணவரின் படத்தை முழுப் பக்க விளம்பரத்தில் பார்த்திருப்போம். அவர் ஒருவர். அந்தக் கல்லூரியில் அந்த ஆண்டு முடித்தவர்கள் சில ஆயிரம் பேர். மீதிப் பேருக்கு என்ன கிடைத்தது என்பதை விளம்பரம் சொல்லாது. ஆனால் வேறோர் இடம் சொல்லும். தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப்-க்கு ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தரும் விவரங்கள் பொதுவெளியில் கிடைக்கின்றன. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பளத்தின் இடைநிலை அளவு எவ்வளவு என்று மூன்று ஆண்டுகளுக்கு இருக்கும். இடைநிலை என்றால் வேலை கிடைத்தவர்களில் பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ். உங்கள் பிள்ளை எந்தப் பாதியில் இருப்பார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால் விளம்பரத்தில் வரும் உச்சச் சம்பளத்தை மறந்துவிட்டு இந்த எண்ணை வைத்துக் கடனைக் கணக்கிடுங்கள். அதுவும் நிறுவனமே தந்த எண்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

அதே என்ஐஆர்எஃப் தரும் தரவரிசை எண்ணைத்தான் விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறார்கள். அந்த எண் எதை அளக்கிறது? பொறியியலில் கற்பித்தல் வளங்களுக்கு 30 சதவீதம், ஆராய்ச்சிக்கு 30, மாணவர் தேர்ச்சி, வேலை போன்ற விளைவுகளுக்கு 20, பரந்த சேர்க்கைக்கு 10, பிறர் மதிப்பீட்டுக்கு 10. ஆய்வுக் கட்டுரைகளை மூட்டை மூட்டையாக வெளியிடும் நிறுவனம் பட்டியலில் மேலே ஏறும். முதலாண்டு மாணவருக்குக் கணிதம் நடத்துபவர் புரியும்படி நடத்துகிறாரா என்பதற்கு அதில் கட்டமே இல்லை.

வேலை தரும் பெரிய நிறுவனங்களும் இப்போது கல்லூரி வாசலோடு நிற்பதில்லை. டிசிஎஸ் போன்றவை தேசிய அளவில் பொதுத் தேர்வு நடத்தி எடுக்கின்றன. அந்தத் தேர்வில் தேறிய காரைக்குடி மாணவருக்கும் 20 லட்சம் செலவழித்த மாணவருக்கும் ஒரே பிரிவில் ஒரே சம்பளம். கேட் மதிப்பெண் இருந்தால் ஐஐடியில் எம்.டெக். படிக்கலாம், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பொதுத்துறை நிறுவனங்கள் பலவும் அதே மதிப்பெண்ணைப் பார்த்து ஆள் எடுக்கின்றன. யுபிஎஸ்சிக்கும் டிஎன்பிஎஸ்சிக்கும் பட்டம் வேண்டும், பட்டம் தந்த கட்டடம் வேண்டாம். ஜோஹோ நிறுவனம் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, தானே பயிற்சி தந்து வேலைக்கு வைப்பதை இருபது ஆண்டுகளாகச் செய்துவருகிறது.

எதிர்த் தரப்பில் கனமான வாதம் ஒன்று இருக்கிறது. பெரிய கல்லூரியில் படித்தவர்கள் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்களே, அது பொய்யா? பொய்யில்லை. ஆனால் அந்தக் கூடுதல் வருமானம் கல்லூரியால் வந்ததா, அங்கே போய்ச் சேர்ந்த மாணவரின் திறத்தால் வந்ததா? அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. 1976-ல் கல்லூரியில் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டு, ஒரே மாதிரியான புகழ்பெற்ற கல்லூரிகளில் இடம் கிடைத்தும், சிலர் அங்கே போக, சிலர் அவ்வளவு பெயர் இல்லாத கல்லூரியைத் தேர்ந்துகொண்டதைப் பார்த்தார்கள். பின்னாளில் இரு சாராரின் வருமானமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. விதிவிலக்கு ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள்: அவர்களுக்குப் புகழ்பெற்ற கல்லூரி பலன் தந்தது.

"பார்த்தீர்களா, ஏழைக்குத்தான் பெரிய கல்லூரி அவசியம்" என்று இதைத் திருப்பிச் சொல்வார்கள். அதற்கான விடையும் அங்கேயே இருக்கிறது. அமெரிக்காவின் அத்தகைய கல்லூரிகளில் பல, ஏழை மாணவரிடம் முழுக் கட்டணம் கேட்பதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகின்றன. நம் ஊர் ஏழையிடம் விலைப்பட்டியலை நீட்டுகிறார்கள். இந்தியாவைப் பற்றி ஷீத்தல் சேக்ரி 2020-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. பெயர் பெற்ற அரசுக் கல்லூரியில் நூலிழையில் இடம் பெற்றவர்களையும் நூலிழையில் தவறவிட்டுத் தனியார் கல்லூரிக்குப் போனவர்களையும் அது ஒப்பிட்டது. இறுதித் தேர்வு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சம்பளத்தில் இருந்தது, அரசுக் கல்லூரி மாணவர்களுக்குச் சாதகமாக. பெயருக்குச் சந்தையில் மதிப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மதிப்பு நம் நாட்டில் குறைந்த கட்டணம் வாங்கும் கல்லூரியின் பெயருக்கு இருக்கிறது என்பதைப் பெருமை பேசுகிறவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்துல் கலாமின் கதையைச் சொல்லாமல் இந்த விவாதம் முடிவதே இல்லை. எம்ஐடியில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்தத் தியாகத்தை யாரும் மறக்க முடியாது. ஆனால் அந்த வளையல்கள் எதற்கு அடகு போயின? தகுதியால் தேர்வாகிவிட்ட தம்பிக்கும் அவருக்குக் கிடைத்துவிட்ட இடத்துக்கும் நடுவே நின்ற தொகைக்காக. இன்று நம் வீட்டு நகை போவது, தகுதிக்குக் கிடைக்காத இடத்தைப் பணத்துக்கு வாங்க. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது ஜோஹராவுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. தனிமனிதர் சிலரின் கதையை வைத்து ஒரு விதியை நிறுவ முடியாதுதான். ஆனால் கலாமைக் காட்டுகிறவர்கள் இஸ்ரோ விஞ்ஞானி மயில்சாமி அண்ணாதுரையையும் பார்க்கட்டும்: பொள்ளாச்சி பக்கத்துக் கோதவாடியிலிருந்து வந்து ஜிசிடியில் படித்தவர். குமரி மாவட்ட விவசாயி மகன் சிவன், நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு எம்ஐடிக்கு வந்தவர். பின்னாளில் இஸ்ரோ தலைவர். இப்போதைய தலைவர் நாராயணன் டிப்ளமோவில் தொடங்கியவர்.

குடும்பத்துக்குள் நடப்பதைப் பற்றிப் பேச யாரும் விரும்புவதில்லை. மூத்தவனின் கல்லூரிக்கு நிலம் போய்விட்ட வீட்டில் அடுத்து பிளஸ் டூ முடிக்கிற தங்கைக்கு என்ன மிச்சம்? "நீ பக்கத்துல இருக்கிற காலேஜ்ல ஏதாவது ஒரு டிகிரி படி" என்று அவளிடம் சொல்லப்படும். அவள் அண்ணனைவிட அதிக மதிப்பெண் எடுத்திருந்தாலும் அதுதான் பதில். அவள் பெயர் எந்த விளம்பரத்திலும் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. கடன் வாங்கியவனும் தப்புவதில்லை. பிடிக்காத வேலையை விட முடியாது, மேல்படிப்புக்குப் போக முடியாது, ஆறு மாதம் சம்பளமில்லாமல் ஒரு தேர்வுக்குத் தயாராக முடியாது, சொந்தமாக ஒன்று தொடங்கிப் பார்க்க முடியாது. இருபத்திரண்டு வயதில் ஒருவனுக்கு இருக்க வேண்டிய துணிவை மாதம் 21,400 ரூபாய் தின்றுவிடுகிறது. அவனுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் நாம் இதைச் செய்கிறோம்.

செலவு குறைவு என்பதற்காக ஏதாவது ஒரு கல்லூரியில் சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. மலிவான இடங்களில் மோசமானவை நிறைய. 2024-ல் அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்த முறைகேடு நினைவிருக்கும்: அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள் பலவற்றில் ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்கு காட்டியிருந்தார்கள். ஆகவே நேரில் போங்கள். பாடவேளையில் ஆய்வகம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் நாலு பேரிடம் டீக்கடையில் பேசுங்கள். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்து நல்ல அரசுக் கல்லூரியின் எலெக்ட்ரிக்கலை விட்டுவிடாதீர்கள். மென்பொருள் சேவை நிறுவனங்கள் எல்லாப் பிரிவினரையும் எடுக்கின்றன. சேமிப்பிலிருந்தே கட்டக்கூடிய குடும்பம் எங்கு வேண்டுமானாலும் சேர்க்கட்டும், அது அவர்கள் பணம். முழு உதவித்தொகை தரும் தனியார் பல்கலைக்கழகம் என்றால் தாராளமாகப் போகலாம். என் எதிர்ப்பெல்லாம் இல்லாத பணத்தில் பெயர் வாங்குவதற்குத்தான்.

கடைசியாக, அவசரப்படுத்தும் தந்திரம். கலந்தாய்வு தொடங்கும் முன்பே, சில இடங்களில் பிளஸ் டூ முடிவு வரும் முன்பே, "இன்னைக்குக் கட்டலைன்னா சீட் போயிடும்" என்று தொலைபேசி வரும். முன்பணம் கட்டிவிட்டோமே என்பதற்காகவே கலந்தாய்வில் கிடைத்த நல்ல இடத்தை விட்டவர்கள் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் இதற்கு விதி வகுத்திருக்கிறது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் கட்டிய கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். நடைமுறைச் செலவாக அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் பிடிக்கலாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. தர மறுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள்.

பெற்றோரே, கலந்தாய்வின் கடைசிச் சுற்று முடியும்வரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் இன்றே அந்த ரசீதை எடுத்துத் தேதியைப் பாருங்கள், விலகுவதற்கு இன்னும் நாள் இருக்கலாம்.